கேட்டது கோப்பி ஓ

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் கோப்பிக் கடையில் கோப்பி கலக்குவது என் கணவர் கொக் வெங்தான். ஒரு வருடமாகக் கெண்டியைப் பிடித்தபடியே கண் சொக்கிவிடுவார். பால் போடாத கோப்பி ஓ கேட்டவருக்குப் பால் கோப்பி போகும், பால் கோப்பி கேட்டவருக்குத் தேநீர் போகும். திட்டியது நான் மட்டும்தான். சோம்பேறி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்றுபோகிறது, அதனால்தான் பகலில் கவனம் நிற்கவில்லை என்றார் டாக்டர். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு காற்று இயந்திரம் வந்தது. மூன்றே வாரத்தில் மனிதர் தெளிந்துவிட்டார்.

இன்று காலை, ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற லோ வழக்கம்போலக் கோப்பி ஓ கேட்டார். கோப்பி ஓவே வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன வெங், கசக்குது?"

"நீங்க கேட்டதுதானேண்ணே."

"ஒரு வருஷமா பால் கோப்பிதான குடுத்த. நாக்கு அதுக்குப் பழகிப்போச்சு."

"தப்பா குடுத்தா சொல்ல வேணாமா?"

லோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்றது? நீ தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."