மார்லிஸ் பெயர் இல்லாத சீட்டு

வாக்குச்சீட்டு தபாலில் வந்ததும் வெண்டெல் அதை மேசைமேல் விரித்துவைத்து மூன்று தடவை தேடினான். கல்லறைத் தோட்ட வாரியத் தேர்தல் இருந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் புது வரி போடலாமா என்ற கேள்வி இருந்தது. முன்பின் தெரியாத இரண்டு பேர் தீயணைப்பு வாரியத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். பள்ளி வாரியத்துக்கு நிற்கும் மார்லிஸின் பெயரை மட்டும் காணோம்.

ஆறு மாதமாகப் பிரிந்திருக்கும் மனைவி. "உனக்கெல்லாம் யாரு ஓட்டுப் போடுவா?" என்று கடைசிச் சண்டையில் கேட்டுத் தொலைத்தவன் இவன்தான். அந்த வாய்க்குப் பிராயச்சித்தமாக அவள் பெயருக்குப் பக்கத்திலுள்ள வட்டத்தைக் கறுப்பாக்கி ஓட்டுப் போடவேண்டும் என்று தவம் கிடந்தான். நேரே தேர்தல் அலுவலகத்துக்குப் போனான்.

அங்கிருந்த ஜோலீன் வரைபடத்தைக் காட்டினாள். "நீங்க குடியிருக்கிற இடத்தப் பொறுத்துத்தான் சீட்டுல என்ன வரும்ங்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் வேற பள்ளி மாவட்டம்."

"நான் விலாசத்த மாத்தவே இல்லையேம்மா!"

"டிரைவிங் லைசென்ஸ்ல மாத்துனீங்கள்ல? அது தானா எங்ககிட்ட வந்துரும்."

மீன்பிடி அனுமதி, தனியாக வாடகைக்கு எடுத்த புது அறைக்கு வரட்டும் என்று மார்ச்சில் லைசென்ஸில் மாற்றியது. நாலு மீனுக்கு ஆசைப்பட்ட புத்திசாலி!

"மூஞ்சியத் தொங்கப்போடாதீங்க. தேர்தல் அன்னிக்கு, செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிவரைக்கும் திருப்பி மாத்தலாம். ஆனா பொய் எழுதக் கூடாது. எங்க இருந்தாலும் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு இருக்கீங்களோ, அதுதான் சட்டப்படி உங்க வீடு. அப்படி ஒரு எண்ணம் இருக்கா?"

"தினமும் இருக்கு," என்றான் வெண்டெல்.

ஜோலீன் படிவத்தை நீட்டினாள். மார்லிஸைக் கேட்காமல் பழைய வீட்டு விலாசத்தை எழுத அவனுக்கு மனம் வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து போன் போட்டான்.

"ஓட்டுச்சீட்டு எப்பவும் உனக்கும் எனக்கும் ரெண்டு கவர் சேர்ந்து வரும்," என்றாள் மார்லிஸ், அவன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும். "இந்தத் தடவ என்னோடது மட்டும் வந்துச்சு. தபால் பெட்டிகிட்டயே நின்னுட்டேன்."

"லைசென்ஸ்ல மாத்துனா இதுவும் மாறும்னு எனக்குத் தெரியாது மார்லிஸ். சத்தியமாத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? இனிமே வரமாட்டேன்னு நீ எழுதியே குடுத்துட்டன்னு நெனச்சேன்." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நேத்து வக்கீல்கிட்டப் போய் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

வெண்டெல் படிவத்தை மடியில் விரித்தான். "நம்ம வீட்டு விலாசத்த எழுதலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்," என்றான்.



"ஆறு மாசமா நீ இதக் கேப்பன்னு காத்துட்டு இருந்தேன், வெண்டெல்."

 அவனுக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. அவளும் வைக்கவில்லை.