நல்ல பெயிண்ட்

அக்காவின் கணவரான மாமாவுக்குத் தெரு வைத்த பெயர் வோல்ட்டு. யார் வீட்டில் பல்பு கண் சிமிட்டினாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். அவர் திரும்பி வந்த பிறகு அந்த வீடு இருட்டாக இருக்கும். அந்தப் பெயரை அவர் விருது என்றே நினைத்திருந்தார்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பைக் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஊருக்கு வெளியே இருக்கும் குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். விடிந்தும் விடியாமலும் தொடங்கும் ஷிப்ட், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பைக் இருந்தால்தான் வேலை.

மாடியில் குடியிருக்கும் மாமாவுக்கோ பைக் நிற்கும் இடம் தேவைப்பட்டது. கார் வாங்கப் போகிறாராம். பழைய வண்டி புரோக்கர் ஒருவரிடம் பேசி வைத்திருந்தார். ஓடுகிற வண்டி என்றால் மட்டும் எடுத்துக்கொள்வேன், ஞாயிறு மாலை வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அப்பா எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வார். எங்கள் வீட்டில் கடைசியாகப் பேசுவது மாமா.

வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று மாமா எல்லாவற்றையும் கழற்றி, ஃபிரேமுக்குத் தானே பெயிண்ட் அடித்தார். திரும்பப் பூட்டினார். அதோடு வண்டி படுத்தது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி கத்தியது. இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கியது.

பேட்டரி செத்துவிட்டது என்றார். புதுசு வந்தது, பழைய டிக் போகவில்லை. ஃபியூஸ் என்றார், ரிலே என்றார். எல்லாம் மாற்றிய பிறகு வண்டியைச் செய்தவன் முட்டாள் என்று முடித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நான் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"பிசிக்ஸ் படிச்சவங்கல்லாம் கிட்ட வராதீங்கம்மா. ஷாக் அடிக்கும்."

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, தொட்டாலும் ஷாக் அடிக்காது. சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மாமா தூங்கினார். அவருடைய மல்டிமீட்டர் இன்னும் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரியில் குறை இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை என்ஜினிலும் வைத்து செல்ஃபை அழுத்தினேன். சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் பத்தைத் தாண்டியது. வெளியே போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப வழியில்லை.

எர்த் வயரை ஃபிரேமோடு சேர்க்கும் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் இரண்டு கோட்டிங் கறுப்பு பெயிண்ட், வழவழவென்று. இரும்பு தெரியவே இல்லை. திரும்பி வரும் வாசலைச் சுவர் வைத்துப் பூசிவிட்டு, வீட்டில் ஆள் இல்லையே என்று தேடியிருக்கிறார்.

உப்புத்தாளைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. வண்டி ஓடினால் புரோக்கர் கொண்டுபோய்விடுவார். போல்ட்டை இருந்தபடியே முடுக்கினேன். மீட்டரை உறைக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்தேன்.

மாலையில் புரோக்கர் வந்து அழுத்தினார். டிக். மாமா இக்னிஷன் காயில் என்றார், ஈரக்காற்று என்றார். இருவரும் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மாமாவுக்கு மூச்சு வாங்கியது, வண்டி மூச்சே விடவில்லை.

"பெயிண்ட் மட்டும் நல்லாருக்கு சார்" என்றார் புரோக்கர். "அத வித்துட்டு வண்டிய வீட்லயே வெச்சுக்கோங்க."

அவர் போன பிறகு அப்பா, ஓடாத வண்டி யாருக்கு வேண்டும் என்று அலுத்துக்கொண்டார்.

"எனக்கு வேணும்ப்பா."

சாவியை நீட்டினார். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "குடுங்க, குடுங்க. பொருத்தமான ஜோடி. ரெண்டும் வாயத் திறக்காது."

அக்காவும் சிரித்தாள். அது மட்டும் கொஞ்சம் குத்தியது.

அவர்கள் மாடிக்குப் போனதும் போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை பெயிண்டைத் தேய்த்தேன். மறுபடி முடுக்கினேன். ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. தேவையும் இல்லை.

திங்கட்கிழமை காலை பட்டனைத் தொட்டதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. அப்பா வாசலுக்கு வந்தார். மாமா வாயில் பிரஷ்ஷோடு படியில் இறங்கினார்.

"நேத்து நான் டெர்மினல டைட் பண்ணேன்ல? அது இப்பதான் வேலை செய்யுது" என்றார். கையோடு, புரோக்கருக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று அப்பாவிடம் இழுத்தார்.

"குடுத்தது குடுத்ததுதானேப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டினார். இந்த முறை கடைசியாகப் பேசியது நான்.

ஹெல்மெட்டை மாட்டும்போது, நான் வண்டியில் என்னதான் செய்தேன் என்று மாமா கேட்டார். வழக்கமாக இப்படிக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன்.

"எர்த் வயருக்கு அடியில பெயிண்ட் அடிச்சிருந்தீங்க மாமா. பெயிண்ட் வழியா கரண்ட் போகாது."

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். உண்மையாகவே யோசித்தார்.

"அதெப்படி? நல்ல பெயிண்ட்டாச்சே."

ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தேன். ஆட்டுக்குச் சளி விட்டிருந்தது. கிளம்பினேன்.