மார்லோ ஓடையில் நின்றுபோன கூப்பாடு

"உங்கப்பா பன்னியக் கூப்பிடுற சத்தத்துலதான் என்னையும் கூப்பிடணுமா?" என்று ஏமஸ் கேட்டான்.

"பன்னியாவது சோளத்துக்காக வருது. நீ சும்மாவே ஓடி வர்றியே" என்றாள் கெசியா.

கல்யாணமான புதிதில், அமெரிக்காவின் மிசௌரி மலைக்காட்டில் அவர்கள் பேசிக்கொண்டது அது. எந்தக் காட்டில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் வந்துவிடுவேன் என்று ஏமஸ் சிரித்தான். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறான். அவன் செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. தினமும் விடியும்போது காட்டை விட்டு ஓடைக்கு ஓடி வருகிறான்.

அந்தப் பக்கத்தில் பன்றிகளை யாரும் அடைத்து வைப்பதில்லை. ஓக் கொட்டை தின்னட்டும் என்று காட்டில் விட்டுவிடுவார்கள், வேண்டும்போது கூப்பிடுவார்கள். வீட்டுக்கு வீடு கூப்பாடு வேறு. கெசியாவின் அப்பா டாலிவருடைய கூப்பாடு மூன்று முறை ஏறி, கடைசியில் குரல் உடைந்து இறங்கும். அவருக்குப் பிறகு அது கெசியாவுக்கும் அவள் தம்பி லெமுவலுக்கும் மட்டுமே வந்தது.

உள்நாட்டுப் போர் வந்ததும் ஏமஸ் வடக்குப் படையில் சேர்ந்தான், லெமுவல் தெற்குப் படையில். மார்லோ ஓடையில் நடந்த சண்டைக்குப் புத்தகங்களில் ஒரு வரிகூடக் கிடையாது. ஓடைக்கு மேலே காட்டுக்குள் ஏமஸின் ஆட்கள் பதுங்கியிருந்தார்கள்; பசித்திருந்தார்கள்; ஆனால் அசையவில்லை. மூடுபனி இறங்கிய காலையில் லெமுவல் கரையில் நின்று, இரு கைகளையும் வாயருகே குவித்து, அப்பாவின் கூப்பாட்டைக் கொடுத்தான். பெண்டாட்டி சோள ரொட்டி கொண்டு வந்துவிட்டாள் என்று ஏமஸ் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினான். பனி விலகுவதற்குள் துப்பாக்கிகள் வெடித்து எல்லாம் முடிந்தது. சுட மாட்டோம், பிடித்துக்கொண்டு போவோம், அவ்வளவுதான் என்று லெமுவலிடம் அவன் படைக் கேப்டன் சத்தியம் செய்திருந்தானாம்.

கூப்பாடு மட்டும் முடியவில்லை. லெமுவலின் தொண்டைக்குத் திரும்பாமல் ஓடைக்கு மேலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவன் ஊமை. ஊர் பழகிக்கொண்டது. தபால் வண்டிக்காரன் அங்கே வரும்போது குதிரையின் காதில் பஞ்சு வைத்தான். மாவு மில்காரர் பேரத்தைச் சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டார். ஓடைக்கரை நிலம் கொஞ்சம் மலிவாகப் போனது. பன்றிகள் மட்டும் அதைச் சட்டை செய்யவில்லை.

முதல் வருடங்களில் கெசியா நல்ல கவுன் உடுத்திக்கொண்டு போய்க் கரையில் நின்றாள். மரங்களுக்கிடையே ஏமஸ் அதே இருபத்தாறு வயதோடு சிரித்துக்கொண்டு வருவான். அந்தச் சிரிப்புக்காகவே அவளுக்குப் பொழுது விடிந்தது. ஆனால் தண்ணீரில் கால் வைத்ததும் அவன் சிரிப்பு நின்றுவிடும். அவளைப் பார்ப்பான். நீயா, என்பது போலப் பார்ப்பான். பிறகு விழுவான். நான் இல்லை, நான் இல்லை என்று அவள் கத்திப் பார்த்திருக்கிறாள். அவன் காதில் அந்தக் கூப்பாட்டைத் தவிர வேறெதுவும் விழவில்லை.

கூப்பிட்டவனே அந்தச் சத்தத்துக்கு அடியில் போய் வாய் திறந்து நின்றால் குரல் திரும்பிவிடும் என்பது ஊருக்கே தெரியும். லெமுவலுக்கும் தெரியும். குரல் போனால் ஏமஸும் வரமாட்டான் என்பதும் தெரியும். அக்கா சொல்லாமல் அதைச் செய்ய அவனுக்கு மனமில்லை. எதிர்க்கரையில் தனியாக இருந்துகொண்டு, குளிர்காலம்தோறும் விறகு பிளந்து அவள் வாசலில் அடுக்கிவிட்டுப் போவான். அவள் அதை எரிப்பாள், ஆனால் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை, ஏமஸ் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போவதற்குள், நரைத்த தலையும் நனைந்த கவுனுமாகக் கெசியா ஓடையைக் கடந்தாள். விறகு பிளந்துகொண்டிருந்த லெமுவல் கோடரியைக் கீழே வைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

"கூப்பிட்டது நான்னு நெனச்சுக்கிட்டே தெனமும் சாகுறாருடா" என்றாள். "இனிமே நான் அவரப் பாக்காட்டியும் போகுது. ஒன் சத்தத்த நீயே திரும்ப எடுத்துக்க, லெம்."