மெலோரின் கூட்டில் ஒரு குஞ்சு

மலேசியாவில், பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் எஸ்டேட்டின் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில்தான் அந்தப் பருந்துக் காப்பகம் இருக்கிறது. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் பறவைகளுக்கு இரை போடுவதும் ஜூடித்தின் வேலை. அவளுக்குச் செல்லம், மெலோர் என்ற குடுமிப் பருந்து. மின்கம்பியில் அடிபட்டு ஒரு சிறகை இழந்தது. வருடா வருடம் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும். துணையில்லாமல் இட்ட, பொரியவே பொரியாத முட்டையை அடைகாக்கும். அதை எடுத்துப் போடும் நாளில் ஜூடித்துக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை, பீடோரிலிருந்து கலாதேவி என்றொரு பெண் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே கைலித் துணியில் சுற்றிய வெள்ளைக் குஞ்சு.

"டுரியான் பழத் தோட்டத்துல மரத்த வெட்டிட்டாங்க அக்கா. கூடு கீழ கெடந்துச்சு. ரெண்டு பஸ் மாறி வாரேன்."

மருத்துவர் ஸ்ரீனிவாசன் குஞ்சைப் புரட்டிப் பார்த்தார். குடுமிப் பருந்துதான். "நம்ம கையால வளத்தா மனுஷன் பின்னாலயே சுத்தும், காட்டுக்கு ஆகாது. மெலோர்கிட்ட விட்டுப் பாப்போம்."

"கொத்திப் போட்டுட்டா?" என்றாள் ஜூடித்.

ஸ்ரீனிவாசன் கூண்டின் ஒரு மூலையில் இரையைக் காட்டி மெலோரை இழுத்து வைத்திருக்க, ஜூடித் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சைக் கூட்டில் வைத்தாள். பிறகு கூடத்துக்கு ஓடிவந்து, கூண்டுக்குள் வைத்த கேமரா காட்டும் திரைமுன் கலாதேவியின் பக்கத்தில் நின்றாள்.

மெலோர் இரையோடு கூட்டுக்குத் தாவியது. குஞ்சைப் பார்த்ததும் குடுமி சிலிர்த்தது. நகம் விரித்து ஒரு காலைத் தூக்கியது. கலாதேவி ஜூடித்தின் கையை இறுகப் பிடித்தாள். கால் மெதுவாகக் குஞ்சுக்குப் பக்கத்தில் இறங்கியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மெலோர் ஒரு துணுக்கு இறைச்சியைக் கிழித்து நீட்டியது. குஞ்சுக்கு வாங்கத் தெம்பில்லை.

"வாயத் தொறயேன்டி," என்று முணுமுணுத்தாள் கலாதேவி.

மூன்றாம் முறை நீட்டியபோது அது வாங்கிக்கொண்டது. ஜூடித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து இருவருமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு வாங்கி வந்து, திரைமுன்னேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் பீடோர்க் காட்டோரத்தில் வளர்ந்துவிட்ட அந்தக் குஞ்சைப் பறக்கவிட்டார்கள். பத்து நாள் கழித்துக் கலாதேவி போன் போட்டாள்.

"அக்கா, நம்ம பிள்ள என் கோழியத் தூக்கிட்டுப் போயிருச்சு லா."

"கோவமா இருக்கியா?"

"கோவமா? பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன், அது தானா வேட்டையாடிச் சாப்பிடுதுன்னு."