மண் தூற்ற ஓர் ஆள்

கோவிந்தம்மா குனிந்து வாசல் மண்ணை ஒரு கை அள்ளினாள். பறை நின்றது. மாரடித்துக்கொண்டிருந்த பெண்களும் கையை இறக்கினார்கள். பிள்ளையைக் கொன்றவன் மேல் பெற்றவள் மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட வேண்டும், அப்புறம்தான் பாடையைத் தூக்குவார்கள். அந்தக் குப்பத்தில் அதுதான் பழக்கம். அந்தச் சாபம் பலித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அதற்குப் பயப்படாதவரும் இல்லை.

“யார் மேல தூத்தட்டும்? சொல்லுங்க” என்றாள்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

அவள் மகன் நீலமேகம் கப்பல் அடுப்பில் கரி தள்ளுகிறவன். பாலஸ்தீனத்தில், ஹைபா என்கிற துறைமுகத்தில், கலகத்தில் செத்துப்போனான் என்று கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடம்பை அங்கேயே புதைத்தாகிவிட்டது. இன்றைக்குத்தான் கப்பல் ராயபுரத்துக்குத் திரும்பியது. அவனோடு கரி தள்ளின ஸ்டானிஸ்லாஸ், அவன் துணி மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தான். வைக்கோலில் ஓர் ஆள் கட்டி, மூட்டையிலிருந்த சட்டையை மாட்டி, பாடையில் கிடத்தியிருந்தார்கள். நீலமேகத்தின் பெண்சாதி மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

மூட்டையைக் கொடுத்ததிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறக்கவில்லை.

தோல் மண்டி காசிம் சாயபுதான் முதலில் பேசினார். “யூதன்தாம்மா. ஜெர்மனிக்காரன் அடிச்சுத் தொரத்துனான்னு, ஏழை மனுசன் நெலத்துல வந்து குந்திகினான். சந்தையில வெடி வெச்சான். உன் புள்ள எங்க ஜனத்தோட செத்தான். இனிமே அவன் எங்க புள்ள.”

“ஏன் பாய் புளுகுறே?” என்றார் தண்டபாணி. துறைமுக ஆபீசில் பியூனாக இருந்து ஓய்ந்தவர். பேப்பர் படிப்பார். “போன எடமெல்லாம் ஒதபட்டு, ஒதுங்க எடமில்லாம வந்த ஜனம் அது. பஸ்சுல போறவனைக்கூட சுட்றாங்க. யாரு? ஒங்க அரபிங்க.”

“எங்க அரபியா? நான் மண்ணடியத் தாண்டுனதில்ல நைனா.”

இரண்டு பேருக்கும் ஏழெட்டு வருஷமாகச் சுவர்த் தகராறு. அந்தச் சுவர் இப்போது ஹைபா வரைக்கும் நீண்டுவிட்டது. எந்த ஜனம் அதிகமாக அடி வாங்கினது என்று, பாடையை நடுவில் வைத்துக்கொண்டு, ஏலம் மாதிரி ஏற்றிக்கொண்டே போனார்கள். அடுத்தவன் வீட்டுப் பிணத்தில் பங்கு கேட்கிறவனை நம்பக் கூடாது.

“நிறுத்துங்கய்யா” என்றாள் கோவிந்தம்மா. “ரெண்டு பேரும் போய்ப் பாத்தீங்களா? டேய் ஸ்டானி, நீதானே கூட இருந்தே. யூதனா, அரபியா? சொல்லு.”

“வேணா அத்த. எடுத்துகினு போய்ட்டு வந்து சொல்றேன்.”

“இப்பச் சொல்லு. கைல மண்ணு கீது.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“காய் வாங்கப் போனோம். சந்தையில வெடி வெடிச்சுது. யூதங்க வெச்சதுன்னு அப்பால சொன்னாங்க. எங்களுக்கு ஒரு கீறல் இல்ல. ஓடியாந்துருக்கலாம். அவன்தான், ‘டேய், அங்க ஒரு கொயந்த கீதுடா’ன்னு திரும்பிப் போனான். பொட்டப் புள்ள. சின்னது. தூக்கினான், தலை தொங்கிச்சு. அதோட அப்பன் பொகையில தேடிகினு வந்தான். காய் விக்கிற அரபி. கைல தராசு எடக்கல்லு. யாரோ வேத்து ஆளு தன் புள்ளய வெச்சிகினு நிக்கிறான். அவன் இன்னா கண்டான்? வெடி வெச்சவன்னு நெனச்சு, கல்லால மண்டையிலயே போட்டுட்டான்.”

காசிம் சாயபு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“நான் சொல்லல?” என்றார் தண்டபாணி.

“இன்னும் முடியல நைனா. உசுரு இருந்துச்சு. தோள்ல போட்டுகினு அடுத்த தெருவுக்கு ஓடினேன். யூதங்க தெரு. வைத்தியர் வூடுன்னு யாரோ கை காட்டினாங்க. கதவ இடிச்சேன். ஜன்னல்ல ஒரு பொம்பள, உன் வயசு இருக்கும். எங்க மேல ரத்தத்தப் பாத்துட்டு அவளும் மாரடிச்சிகினு கத்துனா. முந்தின நாளு அவ புள்ளய அரபிங்க சுட்டுட்டாங்களாம். நாங்களும் அந்த ஆளுங்கன்னு நெனச்சிகினா. கதவத் தொறக்கல. படியிலயே உசுர வுட்டுட்டான் அத்த.”

தண்டபாணி இருமினார். அப்புறம் அந்த இருமலையும் நிறுத்திக்கொண்டார்.

“அந்த அப்பன்?” என்றாள் கோவிந்தம்மா.

“போலீசு இஸ்துகினு போச்சு. கொயந்தய விடமாட்டேன்னுட்டான். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குதுன்னு கேட்டுகினே போனான். ஜன்னல்ல நின்னவளும் அதேதான் கேட்டாளாம். போலீசுக்காரன்தான் எனக்கு அர்த்தம் சொன்னான்.”

பறை காய்ச்ச மூட்டின தீயில் சருகு படபடவென்று எரிந்தது.

ஒப்பாரிக்குத் தலைமை தாங்க வந்த பட்டம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “யாராயிருந்தா இன்னா? ரெண்டு ஜாதியும் நாசமாப் பூடட்டும்னு தூத்து கோவிந்தம்மா. பொழுதாவுது.”

கோவிந்தம்மா கையை உயர்த்தினாள். உயர்த்தின கை அப்படியே நின்றது. கடல் பக்கம் பார்த்தாள். காசிமைப் பார்த்தாள், தண்டபாணியைப் பார்த்தாள். அப்புறம் ஸ்டானிஸ்லாஸ் பக்கம் திரும்பினாள்.

“பாவி! வெடியில பூட்டான்னு சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? அந்தக் கொயந்தய ஏண்டா சொன்னே? அந்தப் பொம்பளய ஏண்டா சொன்னே? திட்றதுக்கு ஒரு ஆள் இல்லாம பண்ணிட்டியேடா! நீ மண்ணாப் போவ!”

மண் அவன் மார்பில் அடித்தது. கழுத்திலும் வாயிலும் பட்டது.

மலர்க்கொடியின் விரல் பொத்தானில் நின்றுவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் நகரவில்லை, துடைக்கவில்லை. அவன் தோளில்தான் நீலமேகம் கடைசியாகக் கிடந்தான். அது அங்கே இருந்த எல்லாருக்கும் இப்போது தெரியும். கோவிந்தம்மாவுக்கும் தெரியும். அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். முதல் தடவை பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

“தூக்குங்கப்பா” என்றார் யாரோ.

மூன்று மூலைக்கு ஆள் வந்தார்கள். நாலாவது மூலைக்கு ஸ்டானிஸ்லாஸ் போனான். சாபம் வாங்கினவனோடு தோள் கொடுக்கலாமா என்று மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

பறை தொடங்கியது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். உள்ளே வெறும் வைக்கோல்தானே. அது ஞாபகமில்லாமல் பலத்தைப் போட்டுவிட்டார்கள். மூன்று பக்கம் சட்டென்று தலைக்கு மேலே எழும்பிற்று.

ஸ்டானிஸ்லாஸின் மூலை மட்டும், உள்ளே நிஜ உடம்பு கிடப்பதுபோல், தாழ்ந்தே இருந்தது.