எழுதின பரீட்சை

தேவயானிக்கு ஐந்து பாடங்களில் மதிப்பெண் வந்திருந்தது. ஆறாவதான இயற்பியலுக்கு நேராக, தேர்வுக்கு வரவில்லை என்று இருந்தது. மார்ச் மாதம் அந்தப் பரீட்சைக்கு மூன்று மணி நேரமும் உட்கார்ந்து, கூடுதல் தாள் கேட்டு வாங்கி, மணி அடித்த பிறகும் அதை நூல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள். அவளுக்கு நன்றாக வருகிற பாடமே அதுதான். கல்லூரியிலும் அதைத்தான் படிப்பதாக இருந்தாள்.

ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக்கு அலைந்தாள். முதல் நாள் கிளார்க், கம்ப்யூட்டர் தப்பு என்றார். மூன்றாம் நாள் மெட்ராசுக்கு எழுதியிருக்கிறது என்றார். ஐந்தாம் நாள், ஒரே பெண் எத்தனை தடவை வருவாய் என்று எரிந்து விழுந்தார். எட்டாம் நாள் தலைமையாசிரியர் இளங்கோவன் ஆள் அனுப்பினார். அவளுக்கு அல்ல, அவளுடைய அம்மா கன்னியம்மாளுக்கு.

கன்னியம்மாள் நடவிலிருந்து அப்படியே போனாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. திரும்பி வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"இன்னாம்மா சொன்னாரு?"

"நல்ல மனுசன்டி. நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாரு. ஜூன் மாசம் மறுபடியும் பரீட்சை வெக்கிறாங்களாம். பீஸ் அவரே கட்டிடறாராம். இதுல நீ கையெழுத்துப் போடணுமாம். இன்னொண்ணுல நான் போட்டுட்டேன், இது அதோட நகலாம்."

தேவயானி நகலை வாங்கிப் படித்தாள். பிறகு அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தாள்.

"என் மகள் தேவயானிக்கு அம்மை போட்டிருந்ததால் இயற்பியல் தேர்வுக்கு வர இயலவில்லை. இதில் பள்ளியின் தவறு எதுவும் இல்லை. அவளைத் துணைத் தேர்வு எழுத அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, கன்னியம்மாள்."

கன்னியம்மாள் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"நான் எழுதலன்னு நீயே எழுதிக் குடுத்துட்டு வந்துகிறியேம்மா!"

"எனக்கு இன்னாடி தெரியும்? இங்க போடும்மான்னாரு, போட்டேன்."

அவளுக்குத் தெரிந்த எழுத்து அவள் பெயர் மட்டும்தான். ரேஷன் கடையில், மகளிர் குழுவில், நூறு நாள் வேலையில் யார் எங்கே விரல் வைத்துக் காட்டினாலும் அங்கே போட்டுப் பழகிய கை. படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால், ஏன், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்பார்கள். அப்படிக் கேட்டவளுக்கு மறுநாள் வேலை இருக்காது. அந்தப் பயத்தின் பேர்தான் ஊரில் மரியாதை. சாணி மெழுகுகிற தரையில் உட்காருகிறவளுக்கு நாற்காலி போட்டாலே எதிலோ கையெழுத்து வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அது கன்னியம்மாளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஆனால் மகள் கத்தியதைவிட வேறொன்று அவளைச் சுட்டது.

"அம்மைன்னா போட்டுகிறாரு? ஆத்தா பேர்லயா பொய் எழுதிகிறாரு?"

விடுவிடுவென்று தெருக்குழாய்க்குப் போனாள். அங்கே அவளுடைய நடவுக் கோஷ்டி தண்ணீருக்கு நின்றிருந்தது. கோஷ்டிக்குத் தலைவி கௌரியம்மாள். விஷயத்தைக் கேட்டதும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"உன் வூட்ல அம்மை போட்டா இந்தத் தெருவுல எவளுக்குடி தெரியாது? வாசல்ல வேப்பிலை சொருகுவே. தாளிக்க மாட்டே. தலைக்கு மூணாந்தண்ணி ஊத்தற வரைக்கும் நாங்க உன் வாசப்படி மிதிக்க மாட்டோம். பரீட்சை அன்னிக்கு நீ எங்ககூட கரும்பு வெட்டிகினு இருந்தே. அம்மை போட்ட வூட்டுக்காரிய தோட்டத்துக்குள்ள வுட்டிருப்பேனா நான்?"

"வுட்டிருக்க மாட்டே."

"அப்புறம் இன்னா? காலைல நடவுக்குப் போற வழிதானே பள்ளிக்கூடம். எல்லாரும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்."

மறுநாள் தேவயானியோடு ஆறு பெண்கள் இளங்கோவனின் அறையில் நின்றார்கள். இரண்டு நாற்காலிதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"என்னம்மா, இவ்வளவு பேர்?"

"சாட்சிக்கு வந்துகிறோம் சார்," என்றாள் கௌரியம்மாள். "இந்தப் பொண்ணுக்கு அம்மை போடலன்னு சொல்ல வந்தோம். எங்க தெருவுல ஆத்தா இறங்கி மூணு வருசம் ஆவுது. கடைசியா போட்டது என் பேரனுக்கு. வேணும்னா அவனக் கூட்டியாறேன், தழும்பு பாருங்க."

இளங்கோவன் சிரித்துப் பார்த்தார். "அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. காரணம்னு ஏதாவது ஒண்ணு போடணும் இல்லையா?"

"அப்போ உங்க வூட்டுப் பொண்ணுக்கு அம்மைன்னு எழுதிக்குங்க," என்றாள் கன்னியம்மாள்.

அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு நடந்ததைச் சொன்னார். பரீட்சை அன்றைக்கு தேவயானி எழுதிய அறையில் விடைத்தாள்களை எண்ணாமலே கட்டிவிட்டார்கள். பிறகு பார்த்தபோது ஒன்று குறைந்தது. எங்கே போனது என்று தெரியவில்லை. கண்காணித்த வாத்தியார் பயந்துபோய், குறைந்த எண்ணுக்கு நேரே வரவில்லை என்று போட்டுவிட்டார்.

"அவருக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு. குடும்பஸ்தர். பென்ஷன் போயிடும்."

"எங்களப் பாத்தா குடும்பமாத் தெரியலையா சார்?" என்றாள் தேவயானி.

அவர் அதைக் கேட்காதவர் போல மேலே பேசினார். "இங்க பாரும்மா. நீ புகார் குடுக்கலாம், நான் வேணாம்னு சொல்லல. விசாரணை நடக்கும். மூணு மாசமோ, ஆறு மாசமோ. இல்லாத தாளுக்கு எவன் மார்க் போடுவான்? கடைசியில திரும்ப எழுதுன்னுதான் சொல்லுவான். அதுக்குள்ள காலேஜ் சேர்க்கை முடிஞ்சுபோகும். ஜூன்ல எழுதினா ஜூலைல ரிசல்ட். மீதி இடத்துக்காவது போயிடலாம். விண்ணப்பத்துக்கு இன்னிக்கு சாயங்காலம் கடைசி."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் தேவயானிக்கு வயிற்றெரிச்சல். தொலைத்தவன் ஒருத்தன், மறைத்தவன் ஒருத்தன். இரண்டு பேரும் நாளைக்கு வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவார்கள். மறுபடியும் எழுதவேண்டியவள் மட்டும் அவள்.

"எழுதாதடி," என்றாள் கன்னியம்மாள். "ஒரு வருசம் போனா போவுது. செய்யாத தப்புக்கு நீ ஏன் எழுதணும்? உங்க நைனாவுக்கு போன் போடறேன், பெங்களூர்ல இருந்து வரட்டும். கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்."

"போய்?"

"போய் இன்னாவா? கேப்போம்."

"அந்த ஒரு வருசம் நான் எங்கம்மா இருப்பேன்? உன் பக்கத்துல நாத்துக் கட்டப் புடிச்சிகினு நிப்பேன். தை மாசம் யாராவது பொண்ணு கேட்டு வருவான். படிப்புதான் நின்னு போச்சேன்னு நீயே பேசி முடிச்சிடுவே."

கன்னியம்மாள் கௌரியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "அவ சொல்றதும் சரிதான்டி," என்றாள் அவள்.

"எழுதறேன் சார்," என்றாள் தேவயானி. "ஆனா அந்தக் கடுதாசியக் குடுங்க."

இளங்கோவன் கோப்பிலிருந்து எடுத்துக் கிழிக்கப் போனார். கன்னியம்மாள் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள். "நான் போட்ட கையெழுத்து. நான் கிழிச்சுக்கறேன்."

தேவயானி மேசையிலிருந்த வெள்ளைத்தாளை எடுத்தாள், கேட்கவில்லை. நின்றபடியே எழுதினாள். தான் மார்ச் மாதம் தேர்வுக்கு வந்ததாகவும், எழுதியதாகவும், தன் விடைத்தாள் தொலைந்துவிட்டதாகத் தலைமையாசிரியரே சொன்னதாகவும், வேறு வழியில்லாமல் மீண்டும் எழுதுவதாகவும் எழுதினாள். வேறு வழியில்லாமல் என்பதன் அடியில் ஒரு கோடு போட்டாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். கன்னியம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டுத்தான் பெயரை எழுதினாள்.

"இதை நான் மேலே அனுப்ப முடியாது," என்றார் இளங்கோவன்.

"நீங்க அனுப்ப வேணாம் சார். திருத்தணியில தபாலாபீஸ் இருக்குது."

"நாங்களும் போடறோம்," என்றாள் கௌரியம்மாள். "சார், அந்த முத்திரை குத்தற மை டப்பாவ இப்பிடி நகத்துங்க."

அவர் நகர்த்தவில்லை. அவளே எட்டி எடுத்தாள். ஐந்து பெருவிரல்கள் விழுந்தன. மீதி மையை மேசை விரிப்பில் துடைத்துவிட்டு நடவுக்குப் போனார்கள்.

கடிதத்தைத் தேர்வுத் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. பரீட்சை நாள்தான் வந்தது.

மையம் திருத்தணியில், மலைக்குப் போகிற சாலையில் ஒரு பள்ளி. கன்னியம்மாள் வேலைக்குப் போகாமல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்ட குடும்பங்கள் ஆட்டோவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றேகால் மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். கேட்டு காலியானது. தேவயானி வரவில்லை.

"எல்லாரும் போயாச்சும்மா," என்றான் வாட்ச்மேன்.

"என் பொண்ணு உள்ள கீறா."

"இருந்தா வரமாட்டாளா?"

"வரலன்னு நீயும் சொல்றியா? இன்னொரு தடவை சொல்லு பாப்போம்." செருப்பைக் கழற்றாத குறைதான். வாட்ச்மேன் இரண்டடி பின்னால் போனான்.

தேவயானி அறையில்தான் நின்றிருந்தாள். கண்காணிக்க வந்திருந்த பிரபாவதி டீச்சர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மணி அடிச்சாச்சு. கிளம்பும்மா."

"எண்ணிக் கட்டுங்க மிஸ். பாத்துட்டுப் போறேன்."

"அதெல்லாம் நாங்க எண்ணுவோம்."

"எண்ணுங்க. நிக்கறேன்."

"நீ எழுத வந்தியா, எங்கள மேய்க்க வந்தியா?"

"எழுதத்தான் வந்தேன் மிஸ். இதே பரீட்சைய ரெண்டாவது தடவை எழுதறேன். மொத தடவை இப்பிடித்தான் போன்னாங்க, போயிட்டேன்."

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அடுக்கிய கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாள்களை எண்ணினாள், வாய்விட்டு. அறையில் எழுதியவர்கள் பதினேழு பேர். பதினேழாவது தாளைத் தொட்டபோது தேவயானி தன் எண்ணைப் பார்த்துக்கொண்டாள். வருகைப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே வந்ததாகப் போட்டிருந்ததையும் பார்த்தாள். கட்டு கட்டி அரக்கு வைக்கிற வரை நகரவில்லை.

கேட்டில் அம்மாவின் முகம் வெந்து போயிருந்தது.

"இன்னாடி இவ்ளோ நேரம்? உயிரே போயிட்டுது எனக்கு. இன்னா பண்ணிகினு இருந்தே?"

"காவல் காத்துகினு இருந்தேன்."

"சரி, நல்லா எழுதினியா?"

தேவயானி அம்மாவை நிழல் பக்கமாக இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"பாஸாயிடுவேன். ஆனா மார்ச்சுல எழுதின மாதிரி இல்லம்மா. அது ரொம்ப நல்லா எழுதியிருந்தேன்."