ஈரக் காகிதம்

இப்போதெல்லாம் எவனும் ஒரு பொருளை வைத்தால் இது இன்னதென்று சொல்லி வைப்பதில்லை. தொட்டால் மட்டும் முறைப்பார்கள். என் மருமகள் வேலை பார்க்கிற ஆய்வுக்கூடமும் அப்படித்தான்.

நேற்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் இல்லை. மேஜைமேல் மூடி போட்ட கண்ணாடித் தட்டு. உள்ளே நகத்தளவு தங்கத் தகடு, பக்கத்தில் சொதசொதவென்று ஈரக் காகிதம். பூசணம் பிடிக்கப் போகிறதே என்று சும்மா இருக்குமா என் கை? காகிதத்தை எடுத்துக் கூடையில் போட்டேன். தட்டைத் துடைத்து, காயட்டும் என்று மூடியைச் சாய்த்து வைத்தேன். நல்லது செய்த நினைப்பு வேறு.

இன்றைக்குப் போனால், கூட வேலை பார்க்கிற பெண் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?"

"தங்கத் தகட்டுல இருக்கிற இடைவெளியில புரதம் வெச்சிருந்தோம் மாமா," என்றாள் மருமகள். "முட்டையில இருக்கே, அந்த மாதிரி. கம்பிக்குப் பதிலா அது வழியா கரண்ட் போகும். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. காஞ்சா அவ்வளவுதான். இவ ஈரக் காகிதம் வைக்க மறந்துட்டா. நாளையிலேருந்து வரவேண்டாம்னுட்டார் ஹெட்டு."

"வெச்சேன்க்கா."

"வெச்சது எங்கடி போச்சு? கால் முளைச்சு நடந்துச்சா?"

வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணோ புத்தகங்களைப் பையில் அடுக்க ஆரம்பித்திருந்தாள்.

"நான்தான் எடுத்தேன். பூசணம் புடிக்கும்னு."

மருமகள் நேராக ஹெட்டு அறைக்குப் போனாள். திரும்பி வந்து, "பையை இறக்குடி, வேற ஒண்ணு செய்," என்றாள்.

செய்தாள். சாயங்காலம்வரை நான் ஓரமாக நின்றேன்.

"பாருங்க மாமா, கோடு ஏறுது. கரண்ட் போகுது."

திரையில் கோடு தெரிந்தது. கோடு யார் வேண்டுமானாலும் போடலாம்.

"என்னாலதானே தாயி உனக்கு..." என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"பரவாயில்லைங்க ஐயா. தெரியாமத்தானே." சொல்லிக்கொண்டே தட்டைத் தன் பக்கம் நகர்த்தி, மூடிமேல் கை வைத்துக்கொண்டாள்.

முட்டைச் சமாச்சாரத்தில் கரண்ட் ஓடுகிறதாம். அதைக்கூட நம்பித் தொலைக்கலாம். அவள் சொன்ன 'பரவாயில்லை'யை நம்ப முடியவில்லை. காலிச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.